பிசே என்றார், பிசைந்துவிட்டோம்

சென்ற ஞாயிறு லோசானில் ஒரு பிறந்தநாள். ஃப்ரிபூர்க்கிலிருந்து ரயிலேறிப் போயிருந்தேன். கேக் வெட்டி, ரோல்ஸ் கொடுத்து, தேநீரும் வந்து, ஊர்க்கதை தொடங்கிய நேரத்தில் கைப்பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. ஆனால் பெருமை வந்துவிட்டால் கை சும்மா இருக்குமா?

போட்டோவில் ஒரு சுவர். சுவரில் கை வைத்தபடி சூசை அண்ணை. மன்னார்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், அகதி விடுதியில் என்னோடு ஒரே மேசையில் சூப் குடித்தவர். இப்போது ஃப்ரிபூர்க்கில் ஒரு கட்டடக் கொம்பனியில் வேலை. அந்தச் சுவர் அவர் வைத்தது.

போட்டோ கைமாறிக் கைமாறி ஓர் அண்ணரிடம் போய் நின்றது. எங்கள் ஊர்க்காரர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"உதென்ன, மண் சுவரோ?"

"ஓம் அண்ணை."

"சுவிசுக்கு வந்தும் மண் குழைக்கிறாரோ மனுசன்? உந்தப் படத்தை ஊருக்கு அனுப்பிப் போடாதேங்கோ பிள்ளை. மானம் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. திரும்பி வரும்போது ரயிலில் சொல்ல வேண்டிய பதிலெல்லாம் வரிசையாக வந்தது. உங்களுக்கும் அப்படித்தானே? நல்ல பதில்கள் எப்போதும் ரயிலில்தான் வருகின்றன. சரி, அந்த அண்ணருக்கு நேரில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் பக்கத்தை அவர் படிப்பார். போன மாதம்கூட ஒரு எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துக் கடிதம் போட்டிருந்தார்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று இந்த நகரத்துத் தமிழரிடையே ஒரு வதந்தி உண்டு. உண்மை என்னவென்றால், பங்குக் கோயில் மண்டபத்தில் ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் அறை துடைக்கும்போது நர்சுமார் கதைப்பதைக் காதில் வாங்குகிறேன். அவ்வளவுதான். ஆனால் ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை அல்லவா? ஆருக்குப் பல்வலி என்றாலும், ஆருக்குக் கன்ரோன் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலும் "அக்காவைக் கூப்பிடு" என்பார்கள். நானும் போவேன். தெரியாத சொல் வந்தால் சொல்கிறவரின் முகத்தைப் பார்ப்பேன், கையைப் பார்ப்பேன், ஒரு குத்துமதிப்பாக எடுத்து விடுவேன். இதுவரை ஒருவருடைய நல்ல பல்லையும் பிடுங்க வைத்ததில்லை.

ஓகஸ்ட் தொடக்கத்தில் சூசை அண்ணை கூப்பிட்டார்.

நகரத்துக்கு வெளியே ஒரு மேட்டில் பாலர் பள்ளி ஒன்று கட்டுகிறார்கள். இந்த நாட்டில் கட்டடம் என்றால் அடியில் பங்கர் இருக்க வேண்டும். பாலர் பள்ளிக்கும்தான். நாலு வயதுப் பிள்ளைகளுக்கு, ஒரு குண்டும் விழாத தேசத்தில், ஒரு சாண் தடிப்புக் கொங்கிறீட் கதவு போட்ட நிலவறை... மெஷின் வெட்டியது போக மிச்ச மூலைமுடுக்கை மண்வெட்டியால் வெட்டியவர்கள் சூசை அண்ணையும் இன்னும் நாலு தமிழரும்.

"அங்க பங்கர் வெட்ட நேரமில்லாமல் ஓடி வந்தம் தங்கச்சி. இஞ்ச ஆறுதலா வெட்டுறம், ஒளிக்கத்தான் ஆளில்லை," என்றார் சூசை அண்ணை.

வெட்டிய மண்ணை வழக்கமாக என்ன செய்வார்கள்? லொறியில் ஏற்றி எங்கேயோ ஒரு பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். பிறகு வேறெங்கேயோ சுட்ட செங்கல்லை இன்னொரு லொறியில் ஏற்றி வந்து சுவர் வைப்பார்கள். இந்தப் பள்ளியின் ஆர்க்கிடெக்ட் ஒரு பெண், மதாம் எலேன். குட்டை முடி, ரப்பர் பூட்ஸ், எதைக் கேட்டாலும் முதலில் "ஏன்?" என்கிற ஆள். இந்தக் குழியிலிருந்து வந்த மண்ணாலேயே இந்தப் பள்ளியின் வெளிச்சுவர்கள் எழும்ப வேண்டும், ஒரு லொறி மண்கூட வெளியே போகக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றார். கொம்பனி முதலாளிக்கு — எல்லோரும் அவரைப் பத்ரோன் என்பார்கள் — இது பிடிக்கவேயில்லை. ஆனாலும் ஊராட்சி சம்மதித்துவிட்டதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மழை மண்ணில் விழாமல் மரத்தூண்களில் கூரையை முதலிலேயே ஏற்றினார்கள். மண்ணை மூன்று வாரம் அரித்து, கல் பொறுக்கி, இரண்டு குவியலாக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்தார்கள்.

அடுத்து என்ன செய்வது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

மதாம் எலேன் நீளமாகச் சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டவை மூன்று சொற்கள். மண். சுவர். பிசே. முதல் இரண்டும் தெரிந்தவை. மூன்றாவது என் சின்ன அகராதியில் இல்லை. என் புருவம் சுருங்குவதைக் கண்டு அவர் செய்தே காட்டினார். இரண்டு பூட்சையும் மாறிமாறித் தூக்கி நிலத்தைத் தொம் தொம் என்று மிதித்தார். "பிசே," என்றார். திரும்பவும் மிதித்து, "பிசே."

இனி என்ன சந்தேகம்?

"பிசையட்டாம் அண்ணை," என்றேன். "காலால மிதிச்சுப் பிசையட்டாம்."

சூசை அண்ணை கொஞ்சம் யோசித்தார். "தண்ணி விட்டோ?"

"தண்ணி விடாமல் என்னெண்டு பிசையிறது?"

"பிரெஞ்சிலயும் பிசையிறதுக்குப் பிசைதானோ?"

"ஓம் அண்ணை. எங்களிட்டையிருந்து போயிருக்கும்," என்றேன்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை தமிழின் தொன்மையை நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தேன். கடவுளே.

உங்களில் மேசன் வேலை தெரிந்தவர்கள் இதற்குள் தலையில் கை வைத்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பிசே என்றால் பிசைவது அல்ல. அதற்கு நேர் எதிர். ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்ற அளவில் மண் இருக்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும். அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடிகட்டையால் இடித்து இடித்து இறுக்குவது. பலகையைக் கழற்றினால் கல் மாதிரிச் சுவர் நிற்கும். மதாம் எலேன் மிதித்துக் காட்டியது அந்த இடிப்பைத்தான். தண்ணீர் அதற்கு எமன்.

திங்கட்கிழமை காலை பத்ரோன் சீமெந்துக் கடைக்குப் போயிருந்தார். நம்மவர்கள் முதல் குவியலின் விரிப்பை எடுத்தார்கள். காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்கள். சூசை அண்ணை குழாயைத் திறந்துவிட்டார். பிறகு ஐந்து பேரும் உள்ளே இறங்கி மிதித்தார்கள். சூசை அண்ணை மாதா பாட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாராம், மற்றவர்கள் சைவக்காரர் என்றாலும் தாளத்துக்குக் குறை வைக்கவில்லையாம். பத்து மணிக்குப் பத்ரோன் வந்து இறங்கியபோது மூன்று வாரம் அரித்த மண் வயல் சேறாகக் கிடந்தது. அதற்குள் முழங்காலளவு நின்று ஐந்து தமிழர் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று வேலை முடிந்து சூசை அண்ணை என் வீட்டுக்கு வந்தார். கதவடியில் நின்றபடியே சொன்னார்.

"பத்ரோன் வெள்ளிக்கிழமையோட வேலையால நிப்பாட்டப் போறாராம்."

"எல்லாரையுமோ?"

"இல்லை. என்னை. குழாய் என்ர கையிலதானே இருந்தது."

வேறு நாடாக இருந்தால் ஒரு வேலை போனால் இன்னொரு வேலை. இங்கே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை அனுமதி கொம்பனியின் பெயரில். சூசை அண்ணையின் அனுமதி மாதக் கடைசியில் முடிகிறது. பத்ரோன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் நீளும். போடாவிட்டால் திரும்பவும் மலையடிவாரத்து விடுதி. ஒரு அறையில் எட்டுக் கட்டில், காலையிலிருந்து மாலைவரை ஜன்னல். அங்கே ஒரு வருடம் கிடந்து மனம் பேதலித்தவர்களை எனக்குத் தெரியும். மன்னாரில் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

தமிழில் ஒருவனுடைய பிழைப்பைக் கெடுப்பதை என்னவென்று சொல்வோம்? பிழைப்பில் மண்ணைப் போட்டான் என்போம். நான் போட்டது ஒரு பெரிய குவியல்.

"என்னாலதான் அண்ணை," என்றேன்.

"நீ என்ன செய்வாய் தங்கச்சி? அந்த மதாமும் பிசை எண்டுதானே சொன்னவ," என்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் லீவு எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே சொல்லை மனப்பாடம் செய்தேன். பார்தோன். மன்னிக்கவும். அகதி முதலில் கற்கும் பிரெஞ்சுச் சொல் அதுதான், கவனித்திருக்கிறீர்களா? பஸ்ஸில் இடித்தாலும் பார்தோன், இடிபட்டாலும் பார்தோன். படிக்கட்டில் மீன்குழம்பு மணந்தால் பார்தோன். சத்தமாகச் சிரித்தால் பார்தோன். அன்று முப்பது பார்தோன் சொல்வது, தேவைப்பட்டால் அழுவது என்ற முடிவோடுதான் போனேன்.

பத்ரோன் சேற்றுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். என் முதல் பார்தோனையே முழுதாகச் சொல்ல விடவில்லை. கையைச் சொடுக்கிச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை லொறி வரும். சேறும் போகும், அவரும் போவார்."

இந்த முறை எல்லாச் சொல்லும் விளங்கியது.

மண்ணையும் மனிதனையும் ஒரே லொறியில் ஏற்றிவிட்டார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. கோபத்தில் எனக்குப் பிரெஞ்சு நன்றாக வருகிறது என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

"இல்லை," என்றேன். "பிழை என்னுடையது. சொல்லைத் தவறாகச் சொன்னது நான். அவர் நான் சொன்னதைச் செய்தார். ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளரை நீங்கள் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சனிக்கிழமை சும்மா வந்த என்னை வைத்தீர்கள். அப்படியானால் பிழையில் பாதி உங்களுடையதும்தான்."

இந்த ஊரில் ஒரு துப்புரவுக்காரி இப்படிக் கதைத்துப் பத்ரோன் கேட்டிருக்க மாட்டார். நானும் கேட்டதில்லை.

அதற்குள் சூசை அண்ணை சேற்றில் ஒரு பிடி எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"தங்கச்சி, உதைக் கொட்டப் போகினமோ?"

"ஓம் அண்ணை."

"என்ன விசர்க்கதை. நல்ல களிமண். உதால சுவர் வைக்கலாம். பலகையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். வைக்கல் கொஞ்சம் போட்டுப் பிசைஞ்சு, முழங்கால் உயரத்துக்கு ஒரு படை வைச்சு, காய விட்டு, மேல அடுத்த படை. மன்னாரில என்ர வீடு உப்பிடி மண் வீடுதான். நானும் மனிசியும் வைச்சது. எத்தினை மாரி கண்டிட்டுது. அவருக்குச் சொல்லு."

நான் சொன்னேன். இந்தச் சேற்றால் சுவர் வைக்கலாமாம், இவர் தன்னுடைய வீட்டைத் தானே கட்டியவராம் என்றேன்.

சூசை அண்ணை என்னையே பார்த்தார். "மண் எண்டதை விட்டிட்டியே."

"எல்லாம் சொன்னனே அண்ணை."

"தெர் எண்டால் மண். ஒரு மாதமா உந்தச் சொல்லைத்தானே கேட்டுக்கொண்டு நிக்கிறன். நீ சொல்லேல்லை."

பிடிபட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பில் நான் செய்த முதல் பிழை தெரியாமல் செய்தது. இரண்டாவது தெரிந்தே செய்தது. ஒரு வெள்ளைக்காரன் முன்னால், எங்கள் ஆள் மண் வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் நான் கல்வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்தில் கல்வீடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கல்யாணப் பேச்சில் பெண்ணைப் பற்றிக் கேட்கும் முன்பு வீட்டைப் பற்றிக் கேட்பார்கள். எங்கள் வசவைப் பாருங்கள். உதவாத பேச்சா, மண்ணாங்கட்டி. உதவாத மூளையா, களிமண். தோற்றால் மண் கவ்வினான். நம்பக் கூடாததெல்லாம் மண்குதிரை. நிற்பது மண்ணில், விளைவது மண்ணில், ஆனால் ஒருவனைத் தாழ்த்த வேண்டும் என்றால் உடனே அதையே அள்ளி எறிகிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்வீட்டின் மீது போன வருடம் ஷெல் விழுந்தது. முன்சுவர் முழுக்கப் போய்விட்டது, பின்னறையில் இருக்கிறோம் என்று அம்மா எழுதினா. அப்படியிருந்தும் நான் அங்கே நின்றுகொண்டு கல்வீட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். என்னை என்ன செய்யலாம்?

பத்ரோன் பக்கம் திரும்பினேன். "இவருடைய வீடு மண் வீடு," என்றேன். மண் என்ற சொல்லை, தெர் என்ற சொல்லை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். "இதே மாதிரிச் சேற்றால் கட்டியது. நிற்கிறது."

பத்ரோன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. ஆனால் பின்னால் வந்து நின்ற மதாம் எலேன் சிரிக்கவில்லை. குனிந்து சேற்றை எடுத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். இந்த முறையில் இந்தப் பக்கத்து விவசாயிகளும் ஒரு காலத்தில் களஞ்சியம் கட்டியிருக்கிறார்களாம், அதற்கும் ஒரு பெயர் இருக்கிறதாம். விளையாட்டறைக்கும் பிள்ளைகள் கோட்டுக் கழற்றும் அறைக்கும் நடுவே ஒரு சுவர் வர வேண்டும், அதற்குச் செங்கல் இன்னும் வரவில்லை. வெளிச்சுவருக்கு இரண்டாவது குவியல் போதும், இந்தச் சுவரை சூசை வைக்கட்டும் என்றார்.

பத்ரோன் என்னிடம் இரண்டு விரலைக் காட்டினார். "இரண்டு வாரம். அந்தச் சுவரில் கோட்டு மாட்டும் பலகையை நானே அடித்துப் பார்ப்பேன். விழுந்தால் கையெழுத்து இல்லை."

லொறி வேண்டாம் என்று மதாம் எலேன் அன்றைக்கே போன் பண்ணிவிட்டார்.

அந்த இரண்டு வாரமும் நான் வேலை முடிந்ததும் நேரே மேட்டுக்குப் போனேன். மொழிபெயர்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். பக்கத்துப் பண்ணையில் கோதுமை வெட்டியிருந்தார்கள், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஒரு முழ அகலத்தில் முதல் படை எழுந்தது. இரண்டாம் நாள் வடகிழக்கிலிருந்து பீஸ் அடிக்கத் தொடங்கியது. ஃப்ரிபூர்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், காதைக் கிள்ளும் வறண்ட காற்று. நாமெல்லாம் திட்டித் தீர்க்கும் காற்று. அது மூன்று நாளில் முதல் படையைக் காய வைத்தது. பிசை கெடுத்ததைப் பீஸ் திருத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

காய்ந்தது, ஆனால் வெடித்தது. விரல் போகிற அளவுக்கு ஒரு வெடிப்பு, மேலிருந்து கீழ்வரை. பத்ரோன் வந்து பார்த்தார், சீட்டியடித்துக்கொண்டு போனார்.

"வெடிக்கத்தானே செய்யும், களியெல்லோ," என்றார் சூசை அண்ணை. பக்கமாக நின்று ஒரு பலகையால் சுவரைத் தட்டித் தட்டி வெடிப்பை ஒடுக்கினார். நறுக்கிய வைக்கோலோடு மண்ணைக் கரைத்து மிச்சத்தில் திணித்தார். அடுத்த குழைப்புக்கு மணல் கூடப் போட்டார். இரண்டாம் படை வெடிக்கவில்லை.

மூன்றாம் படை வைக்கும்போது என்னைக் கேட்டார்: "உந்தச் சுவர் என்னத்துக்கு எண்டவை?"

"பிள்ளையள் கோட்டுக் கொழுவ."

"அப்ப பலகைக்கு ஆணி மண்ணில நிக்காது." மரக்கட்டைகளை ஒரு நுனி அகலமாகச் செதுக்கி, பலகை வரவேண்டிய உயரத்தில் ஈர மண்ணுக்குள் வரிசையாகப் புதைத்தார்.

கடைசியில் பூச்சு. அங்கேதான் இன்னொரு சோதனை வந்தது.

"பூச்சுக்குக் கொஞ்சம் மாட்டுச்சாணி கேள் தங்கச்சி."

"அண்ணை, பாலர் பள்ளி இது."

"ஏன், வெக்கமோ?"

வெட்கம்தான். போதாததற்குச் சாணிக்குப் பிரெஞ்சில் என்னவென்றும் தெரியாது. மதாம் எலேன் முன்னால் போய் நின்றேன். இரண்டு கையையும் தலையில் கொம்பாக வைத்தேன். "ம்மா" என்றேன். பிறகு... பின்பக்கத்தைக் காட்டினேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது, வாசகர்களே, அதையும் யோசித்துப் பாருங்கள். மதாம் எலேன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தன்னுடைய காரிலேயே பண்ணைக்குப் போய் ஒரு வாளி சாணி கொண்டுவந்தார். காய்ந்தால் மணக்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு வாரம் முடிந்த நாள் பத்ரோன் திருகாணியும் பலகையுமாக வந்தார். கோட்டுப் பலகையைக் கட்டைகளில் முறுக்கினார். அனுமதித் தாள் அவருடைய சட்டைப்பையில் மடித்து இருந்தது, நுனி தெரிந்தது. சூசை அண்ணை சுவரைப் பார்த்தார். நான் அந்த நுனியைப் பார்த்தேன்.

பத்ரோன் பலகையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஒன்றுமில்லை. உலுப்பினார். ஒன்றுமில்லை. பிறகு, பிள்ளைகளுக்கான பலகை தாழ்வாக இருந்ததால் முழங்காலை மடித்து, இரண்டு காலையும் நிலத்திலிருந்து தூக்கி, அந்த நூறு கிலோவும் அப்படியே தொங்கினார். முகம் சிவந்து போனது. கொஞ்ச நேரம் தொங்கினார். சுவரிலிருந்து ஒரு பொடி மண் உதிரவில்லை.

"பாத்து, பலகை முறிஞ்சிடும் எண்டு சொல்லு," என்றார் சூசை அண்ணை. அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

பத்ரோன் இறங்கினார். கையைத் துடைத்தார். தாளை எடுத்துச் சுவரிலேயே வைத்து நிரப்பத் தொடங்கினார். பெயர், பிறந்த திகதி, தொழில். தொழில் என்ற இடத்தில் பழைய தாளில் இருந்ததையே எழுதப் பேனாவைக் கொண்டுபோனார். மனேவ்ர். எடுபிடி, கையாள், தொழில் தெரியாதவன்.

"அது வேண்டாம்," என்றேன்.

"என்ன?"

"தொழில் தெரியாதவர் வைத்த சுவரிலா நீங்கள் தொங்கினீர்கள்?"

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது. கூலிக்காரனுக்கு நான் தொழில் எழுதுவதா என்று முணுமுணுத்தார். மதாம் எலேன் சுவரில் சாய்ந்துகொண்டார். நானும் நகரவில்லை. பார்தோன் என்ற சொல் தொண்டைவரை வந்தது, விழுங்கினேன்.

பத்ரோன் எழுதினார். ஒரு சொல். கையெழுத்தும் போட்டார். இது இந்தச் சுவருக்குச் சரியான சொல் இல்லை, ஆனால் வெளிச்சுவருக்கு நாளையிலிருந்து அந்த வேலையைத்தான் செய்யப் போகிறார், அதனால் சரி என்று மதாம் எலேனிடம் சொல்லிவிட்டுப் போனார். தாளை வாங்கிப் பார்த்தேன். பிசே சுவர் வைக்கிற தொழிலாளிக்கு இவர்கள் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது. பிசேர்.

"என்னவாம் போட்டிருக்கு?" என்றார் சூசை அண்ணை.

"பிசையிறவர் எண்டு போட்டிருக்கு அண்ணை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தமுறை சரியாத்தான் சொல்லுறியோ?"

"இந்தமுறை சரிதான் அண்ணை," என்றேன். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் அந்தப் போட்டோ எடுத்தோம். வெளிச்சுவர்களும் இப்போது எழுந்துவிட்டன. தண்ணீர்க் குழாய்க்குக் கிட்டவும் போகாமல், பலகைக்குள் இடித்து இடித்து வைத்தவை. அவையும் அந்த ஐந்து தமிழரின் கைதான். அடுத்த வாரம் பிள்ளைகள் வருகிறார்கள்.

லோசான் அண்ணைக்கு ஒரு செய்தி. படத்தை ஊருக்கு அனுப்பாதேங்கோ என்று சொன்னீர்கள் அல்லவா? இன்னொரு பிரதி போட்டு நேற்று மன்னாருக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன்... பின்பக்கத்தில் 'மண் சுவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதி.